கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு

செப்டம்பர் 28, சனி

பூங்கா நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் இன்று நான் போட்ட குறிப்பு: "கம்ப்யூட்டரைச் சுவிட்சைத் தட்டி அணைக்காதீர்கள். முறைப்படி ஷட் டவுன் கொடுங்கள். திரை கறுத்த பிறகு சுவிட்சில் கை வையுங்கள். தூக்கம் வருகிறவனைத் தலையில் அடித்தா தூங்க வைக்கிறோம்?"

கடைசி வரியை எல்லோரும் ரசித்தார்கள். நல்லமுத்து மட்டும் கை கூப்பும் படம் போட்டான். என்னோடு சேர்ந்து நாற்பது வருடம் கடவுள் மறுப்புக் கூட்டங்களுக்கு வந்தவன். யாருக்கு இந்தக் கும்பிடு என்று கேட்டால், கைபேசியில் அதுதான் முதலில் இருக்கிறது என்கிறான்.

மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்தவரை, ஈரோட்டில் பாதிப்பேர் கரண்ட் எப்போது வரும் என்று என்னைத்தான் கேட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு யாரும் எதுவும் கேட்பதில்லை. "அதனாலதான் இந்தக் குறிப்பெல்லாமா?" என்றான் நல்லமுத்து. இல்லை. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவனுக்கு அடிப்படை தெரிய வேண்டும். வேறு காரணமில்லை.

ரத்னா எழுந்ததும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிட்டாள். காபி தாமதம்.

செப்டம்பர் 30, திங்கள்

சிபியு மூடியைக் கழற்றித் தூசி தட்டினேன். உள்ளே பல்லி முட்டை ஓடு இரண்டு. காற்றாடியில் பஞ்சு பஞ்சாக அழுக்கு. மகள் யாழினி கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய பெட்டி இது. அவள் வேலை கிடைத்துப் புனே போய்விட்டாள். இது எங்களோடு நின்றுவிட்டது.

பெயின்ட் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்திருந்தபோது ரத்னா வந்து நின்றாள்.

"ஏனுங், ஒரு விசயம் சொல்லோணும்."

"கையெல்லாம் தூசி. அப்புறமாச் சொல்லு புள்ள."

அப்புறம் அவள் சொல்லவில்லை. நான் தூசிக் குறிப்பை எழுதி முடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது.

அக்டோபர் 2, புதன்

அரசு விடுமுறை. எனக்கு என்ன வித்தியாசம்?

அக்டோபர் 5, சனி

உட்கார முடியவில்லை. பேப்பரை இரண்டு தடவை படித்தாயிற்று. மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று ஏறிப் பார்த்தேன், இருந்தது. கேட் கீலுக்கு எண்ணெய் விட்டேன். அது ஏற்கெனவே சத்தம் போடவில்லை.

ரத்னா அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். தாளவாடிக்காரி. அவள் பிறந்த வீட்டில் கன்னடம்தான் பேச்சு. கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு கன்னடப் புத்தகத்தைப் பூரிக்கட்டையில் சாய்த்து நிறுத்தியிருக்கிறாள். பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்துப் படிக்கிறாள். படிப்பவள் எதற்குத் தட்டச்சு செய்ய வேண்டும் என்று ஒருமுறை தோன்றியது. கேட்கவில்லை. சென்னையிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். "சரிங் சார், ஆயிருமுங் சார்" என்று பேசிக்கொண்டே கொல்லைப் பக்கம் போய்விடுகிறாள். அதையும் கேட்கவில்லை. சொல்ல வேண்டியது என்றால் சொல்லமாட்டாளா?

கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகிவிட்டது. இடம் போதவில்லை என்று சிவப்புக் கோடு காட்டுகிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

நாளைக்குப் போட வேண்டிய குறிப்பை இன்றே எழுதிவிட்டேன். டவுன்லோட்ஸ் என்பது வீட்டுவாசலில் செருப்பு விடும் இடம் மாதிரி. வருகிற எல்லாம் அங்கேதான் விழும். கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, யாரோ அனுப்பிய சாமி படம். மாதம் ஒருமுறை மொத்தமாகக் கூட்டித் தள்ளுங்கள். ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு டெலீட் கொடுத்தால் குப்பைத்தொட்டிக்கும் போகாது, ஒரேயடியாகப் போய்விடும்.

எழுதியதை முதலில் நாம் செய்து காட்ட வேண்டும். முன், பின் என்று இரண்டு படம் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

அக்டோபர் 9, புதன்

காலையில் ரத்னா எதிர்வீட்டுக் கொலுவுக்கு வெற்றிலை பாக்கு வாங்கப் போனாள். அந்த இடைவெளியில் டவுன்லோட்ஸைச் சுத்தம் செய்தேன். எதையும் திறந்து பார்க்கவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், டெலீட். சிவப்புக் கோடு நீலமாகிவிட்டது. படம் எடுத்துக் குழுவில் போட்டேன். பாராட்டு மழை.

பிறகு ரத்னா வீட்டிலேயே விட்டுப்போன கைபேசி அடித்தது. எடுத்தேன். சென்னைக் குரல்.

"அம்மா இல்லீங்களா? பதிப்பகத்துல இருந்து பேசறேன் சார். கடைசி அத்தியாயமும் முடிச்சுட்டேன்னு நேத்துச் சொன்னாங்க. ரொம்ப சந்தோஷம். மொத்தத்தையும் மாசக் கடைசிக்குள்ள அனுப்பிடச் சொல்லுங்க. அப்பத்தான் ஜனவரி புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டு வர முடியும்."

"என்ன புத்தகம்?"

"அம்மா கன்னடத்துல இருந்து மொழிபெயர்க்கிற நாவல் சார். ஒரு வருஷமாச்சே. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் தெரியும், சும்மா கேட்டேன் என்று சொல்லி வைத்தேன்.

கம்ப்யூட்டரில் தேடினேன். டாக்குமென்ட்ஸில் இல்லை. டெஸ்க்டாப்பில் இல்லை. அவளுடைய மின்னஞ்சலில் பழைய கடிதம் ஒன்று இருந்தது. எப்படி அடிக்க வேண்டும் என்று காட்டப் பதிப்பகத்தார் அதோடு ஒரு மாதிரி ஃபைல் அனுப்பியிருந்தார்கள். அதைத் திறந்திருக்கிறாள். அது டவுன்லோட்ஸில் விழுந்திருக்கிறது. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து முதல் அத்தியாயம், இரண்டாம் அத்தியாயம் என்று வரிசையாக அங்கேயே சேமித்துக்கொண்டு போயிருக்கிறாள். வேறு இடம் உண்டு என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? முதல் மூன்று அத்தியாயம் மட்டும் மாதிரிக்காகப் பதிப்பகத்துக்குப் போயிருக்கிறது. மிச்சத்துக்கு எங்கேயும் நகல் இல்லை.

அழித்த ஃபைல் உடனே போய்விடுவதில்லை, அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதப்படும்வரை வட்டில்தான் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அதுவே எதையாவது எழுதிக்கொண்டிருக்கும். ஷட் டவுன் கொடுத்தால் அதற்கும் எழுதும். சுவிட்சைத் தட்டினேன்.

கேட் திறக்கிற சத்தம். ரத்னா சுண்டலோடு வந்தாள். "ஏனுங் மூஞ்சி இப்பிடி இருக்குது?"

"வெயில்."

அக்டோபர் 10, வியாழன்

சொல்லவில்லை. காலையில் அவள் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டுப் பல் துலக்கிய நுரையோடு ஓடினேன்.

"அப்டேட் ஆகுது. தொடாத."

"திரையே எரியலயே?"

"உள்ளுக்குள்ள ஆகும். பெரிய அப்டேட்."

நான் சொன்னால் கம்ப்யூட்டர் விஷயத்தில் அவள் மறுபேச்சுப் பேசமாட்டாள். தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் பூரிக்கட்டையில் மாவு தேய்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

பூங்காவுக்கு நடந்தேன், உட்காராமல் திரும்பினேன். பிரப் ரோட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஷமீனா கடைக்குப் போனேன், பூட்டு. அழிந்த ஃபைலை மீட்கிற கருவி இந்த ஊரில் எனக்குத் தெரிந்து அவளிடம்தான் இருக்கிறது. கைபேசியில் பிடித்தேன். பாலக்காட்டில் கல்யாணமாம்.

"திங்கட்கிழமை காலைல கடை தொறந்துருவேன் சார். அதுவரைக்கும் ஆன் பண்ணாதீங்க. ஒரு தடவகூட."

"அது எனக்குத் தெரியும்மா."

"தெரிஞ்சா சரி. பழைய சுத்துற டிஸ்க்தானே? புதுசா இருந்தா நான் கெடைக்காதுன்னே சொல்லியிருப்பேன்."

வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாள் அவளைக் கம்ப்யூட்டர் பக்கம் விடக்கூடாது. எந்த அப்டேட் மூன்று நாள் ஓடும்? பவர் சப்ளை போய்விட்டது என்றால், தானே ஆட்டோவில் ஏற்றி வேறு கடைக்குக் கொண்டுபோய்விடுவாள். அவன் ஆன் செய்து பார்ப்பான். ஒயரைப் பிடுங்கி ஒளித்து வைக்கலாமா என்று பார்த்தேன். ரைஸ் குக்கர் ஒயரும் இதற்குப் பொருந்துகிறது, எடுத்து மாட்டிவிடுவாள்.

அப்போதுதான் சமையலறையில் அவள் மஞ்சள், சந்தனம் எல்லாம் எடுத்து வைப்பதைப் பார்த்தேன். நாளை ஆயுத பூஜை. அரிவாள்மனை, தையல் மெஷின், புத்தகம் எல்லாம் பூஜையில் வைப்பாள். வைத்ததை எடுக்கமாட்டாள், தொடமாட்டாள்.

என்னைப் பற்றி இங்கே ஒன்று எழுத வேண்டும். எங்கள் கல்யாணம் சுயமரியாதைக் கல்யாணம். தாலி இல்லை, ஐயர் இல்லை. அவள் கும்பிட அலமாரியில் ஒரு தட்டு உண்டு, அதில் நான் தலையிடுவதில்லை. அலுவலகத்தில் ஆயுத பூஜை அன்று பொரி மட்டும் வாங்கிக்கொள்வேன். திருநீற்றுத் தட்டு வரும்போது டிரான்ஸ்ஃபார்மர் பார்க்கப் போய்விடுவேன். முப்பத்தைந்து வருடம் யாரும் என்னை அசைக்கவில்லை.

சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"ரத்னா. நாளைக்கு அந்தக் கம்ப்யூட்டரையும் பூஜைல வெச்சுரலாமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கையில் சந்தனக் கட்டை.

"யாருங் கேக்கறது?"

"நான்தான்."

"உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"அதுவும் ஒரு ஆயுதந்தானே. அரிவாள்மனைக்கு இருக்கற மரியாத அதுக்கு வேண்டாமா?"

அவள் ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று. "எங்கம்மா இருந்திருந்தா தேங்காய் ஒடைச்சிருப்பா" என்றாள். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

கம்ப்யூட்டருக்குக் குளிப்பாட்டாத குறைதான். திரைக்குச் சந்தனப் பொட்டு, சிபியுவுக்குக் குங்குமம், கீபோர்டுக்கு முல்லைச்சரம். மவுஸ் பாவம் சின்னது, அதற்கும் ஒரு பொட்டு. காற்றாடித் துளைக்குள் குங்குமம் விழாமல் நான்தான் காகிதம் வைத்து மறைத்தேன். "பாருங், என்ன பக்தி" என்றாள்.

கற்பூரம் காட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ சொன்னாள். நானும் மனதுக்குள் ஒன்று கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

சரியாக அந்த நேரம் பார்த்து நல்லமுத்து வந்தான். வாசலிலேயே நின்று என்னையும், கம்ப்யூட்டரையும், மாலையையும் பார்த்தான். கைபேசியை எடுத்துப் படம் பிடித்தான். பத்து நிமிடத்தில் குழுவில் வந்துவிட்டது: "அறிவழகன் சாரின் இன்றைய கணினிக் குறிப்பு." ஊரே கை கூப்பியது.

கோபம் வரவில்லை. இன்னும் மூன்று நாள் அந்தப் பெட்டி அப்படியே கிடந்தால் போதும் என்றுதான் இருந்தது.

பொரி தின்றுகொண்டிருக்கும்போது அவளே சொன்னாள். "நாளைக்கு வெடியால மறுபூஜை போட்டுட்டு ஒரு வரியாச்சும் அடிச்சு வெக்கோணுமுங். விசயதசமியன்னிக்குத் தொடாம உட்டா அந்த வருசம் பூரா வித்தை அண்டாது. உங்களுக்கு ஒண்ணு காட்டோணும்னும் இருக்கறேன். நாளைக்குக் காட்டறேன்."

இதை நான் யோசிக்கவே இல்லை. தொடக்கூடாத நாளைத் தெரிந்து வைத்திருந்தேன். தொட்டே ஆக வேண்டிய நாள் அதற்கு அடுத்த நாள் என்று தெரியாமல் போய்விட்டது. ஒரு வழக்கத்தைப் பாதி தெரிந்துகொண்டு கை வைத்தால் இதுதான் கதி.

அக்டோபர் 12, சனி

தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலில் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். கற்பூரம் காட்டியாயிற்று. முல்லைச்சரத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி ஓரமாக வைத்தாள். "இங்க வந்து நில்லுங்" என்றாள். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். விரல் பொத்தானுக்குப் போயிற்று.

"தொடாதே!" என்று கத்தினேன்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். ஷாக் அடிக்கிறது என்று நினைத்தாளாம். நான் குனிந்து ஒயரைப் பிடுங்கினேன். பிடுங்கிய ஒயர் கையில் இருக்க, தரையில் உட்கார்ந்தபடியே சொன்னேன். டவுன்லோட்ஸ், ஷிஃப்ட் டெலீட், சென்னைப் போன், அப்டேட் பொய், பூஜைப் பொய். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூணு அத்தியாயம் மட்டுந்தான் அவிங்ககிட்ட இருக்குது" என்றேன், அவளுக்குத் தெரியாதது போல.

அவள் கேட்ட முதல் கேள்வி: "பூஜைகூடப் பொய்யுங்களா?"

கையிலிருந்த ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். கன்னடத்தில். குரல் உயரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு, பொட்டு வைத்த அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு, நிறுத்தாமல் பேசினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சோறு, தண்ணீர், வா, போ தவிர அவள் மொழியில் நான் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. திட்டுகிறாளா, அழுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை.

மூன்று தடவை சொல்ல வந்தாளாம். அதைத் தமிழில் சொன்னாள். "ஒருக்காத் தூசி. ஒருக்காப் பேப்பர். ஒருக்கா, நடந்துட்டு வந்தர்றேன்னு செருப்பத் தொட்டீங்க. முடிச்சுட்டே காட்டலாம்னு அப்புறம் உட்டுட்டேன்."

மத்தியானம் சமைத்தாள். பரிமாறினாள். அவள் சாப்பிடவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

புதன்கிழமை எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். எதையும் திறந்து பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். ஒன்றைத் திறந்தேன். கங்கி என்று ஒருத்தி, பட்டுக்கூடு விற்கும் சந்தையில் விடியலில் கூடையோடு வந்து நிற்கிறாள். ஒன்றரைப் பக்கம் படித்தேன். நன்றாக இருந்தது. இணையத்திலிருந்து இறக்கிய ஏதோ கதை என்று நினைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதில் தாளவாடிப் பேச்சு இருந்தது, ரத்னா பேசுகிற பேச்சு. அவள் எழுதியது என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அந்தத் திரையைப் பார்க்கும்போது அவளுக்கு ஒரு முகம் வரும். என்னைப் பார்க்கும்போது அந்த முகம் வருவதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஃபைலை மூடிவிட்டு எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

இதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

அக்டோபர் 14, திங்கள்

கடை திறக்கும் முன்பே சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ரத்னாவும் வந்தாள். ஷமீனா மூடியைக் கழற்றும்போது சந்தனம் உதிர்ந்தது. அவள் ஒன்றும் கேட்காமல் துடைத்துவிட்டுக் கழற்றினாள்.

மாலையில் கூப்பிட்டாள். நிறையக் கிடைத்திருக்கிறது, ஆனால் பெயர் எதுவும் மிஞ்சவில்லையாம். ஆயிரக்கணக்கில் ஃபைல், எல்லாம் வெறும் எண். யாழினியின் கல்லூரிப் பாடம், என்னுடைய இடமாற்ற விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகைகள், அதற்குள் எங்கோ நாவல். ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். புது டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தாள்.

ரத்னாவிடம் சொன்னேன்.

"தொலைச்சது நீங்க. தேடறதும் நீங்களே தேடுங்" என்றாள்.

அக்டோபர் 16, புதன்

தேடுகிறேன். பாதி ஃபைலில் குப்பை எழுத்து. சில ஃபைல் பாதியில் அறுந்து கிடக்கிறது. கங்கி என்ற பெயர் வந்தால் தனியாக எடுத்து வைக்கிறேன். ஒரே அத்தியாயம் நாலு தடவை கிடைக்கிறது. அவள் திருத்திக்கொண்டே போயிருக்கிறாள். எது கடைசித் திருத்தம் என்று வரிக்கு வரி ஒப்பிட வேண்டியிருக்கிறது. "கஞ்சி குடித்தாள்" என்று எழுதி, அடுத்ததில் "கஞ்சியை ஊதிக் குடித்தாள்" ஆக்கியிருக்கிறாள். ஒரு வார்த்தைக்காக ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருப்பாள் போல. அந்தக் காலையில்தான் காபி தாமதம் என்று நான் எழுதியிருப்பேன்.

வரிசைப்படுத்துவதுதான் பெரும்பாடு. கங்கிக்கு ஒரு எருமை. அது ஒரு மழைநாளில் செத்துப்போகிறது. எருமை உயிரோடு இருந்தால் முன்னால், செத்திருந்தால் பின்னால் என்று வைத்துக்கொண்டு வருகிறேன். எருமை செத்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

அக்டோபர் 18, வெள்ளி

நல்லமுத்து வந்தான். குறிப்பு ஏன் வரவில்லை, எல்லோரும் கேட்கிறார்கள் என்றான். நேரமில்லை என்றேன். அவனுக்குச் சந்தோஷம்.

அக்டோபர் 19, சனி

இரண்டு அத்தியாயம் கிடைக்கவில்லை. நடுவில் ஒன்று. கடைசி ஒன்று. எல்லா எண்ணையும் திறந்தாயிற்று, மறுபடி முதலிலிருந்து ஒருமுறை திறந்தாயிற்று.

காகிதத்தில் எழுதிக்கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். கூடவே ஞாயிற்றுக்கிழமை எழுதியதையும் சொன்னேன். திறந்து படித்தேன், அவளுடையதாக இருக்கும் என்று தோன்றியும் அழித்தேன் என்று.

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"ஏனுங்?"

"உன்ற மூஞ்சி சந்தோசமா இருந்துச்சு. எனக்கு அது ஆகல."

அவள் எழுந்து உள்ளே போனாள். கீரை பாதி ஆய்ந்தபடி கிடந்தது. மீதியை நான் ஆய்ந்தேன். காம்பும் சேர்ந்து வந்துவிட்டது.

அக்டோபர் 20, ஞாயிறு

பேச்சில்லை.

அக்டோபர் 21, திங்கள்

காலையில் நாற்காலி இழுபடும் சத்தம். பூரிக்கட்டையில் கன்னடப் புத்தகம். அவள் எழுத ஆரம்பித்துவிட்டாள். நான் சமையலறைக்குப் போனேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்துவிட்டுக் காபி போட்டுக்கொண்டுபோய் வைத்தேன். குடித்தாள். சர்க்கரை அதிகம் என்று சொல்லவில்லை. அதிகம்தான்.

அக்டோபர் 25, வெள்ளி

நடு அத்தியாயம் முடிந்துவிட்டது. முன்பு எழுதியது போல வரவில்லையாம். "மொதல்ல எழுதுனப்ப ஒரு வார்த்த தானா வந்துச்சு. இப்பத் தேடித் தேடிப் பாக்கறேன், வரமாட்டீங்குது." அதை என்னிடம் சொன்னாளா, திரையிடம் சொன்னாளா என்று தெரியவில்லை.

என்ன வார்த்தை என்று கேட்டேன். "தெரிஞ்சா எதுக்குத் தேடறேன்?" என்றாள்.

நான் அழித்ததில் அந்த ஒன்று மட்டும் எந்த டிஸ்க்கிலும் இல்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

கடைசி அத்தியாயமும் முடிந்தது. சென்னைக்கு மின்னஞ்சல் போய்விட்டது. பென் டிரைவில் ஒன்று, யாழினிக்கு ஒன்று என்று நகலும் எடுத்தோம். பதிப்பகத்தாரிடம் அவள் பேசியது காதில் விழுந்தது. "ஆமாங் சார், கொஞ்சம் தாமதம். கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறு." அவ்வளவுதான் சொன்னாள். வேறு ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. எனக்கு எந்த தீபாவளியும் இல்லை, ஆனால் முறுக்கு உண்டு.

முறுக்கு பிழிந்த கையைக் கழுவிவிட்டு வந்து ரத்னா என்னைக் கூப்பிட்டாள்.

"ஒரு பொட்டியில ரெண்டு பேரு தனித்தனியா வெச்சுக்க முடியுமாமே. ஷமீனா சொன்னா. அதெப்பிடின்னு சொல்லிக் குடுங்."

சொல்லிக் கொடுத்தேன். செட்டிங்ஸ், அதில் அக்கவுன்ட்ஸ், அதில் புதிய பயனர். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு கணக்கு வேண்டும், அவரவர் கடவுச்சொல் அவரவருக்கு மட்டும் தெரிய வேண்டும், இது நல்ல பழக்கம் என்று விளக்கினேன். என் குரல் குழுவுக்கு எழுதும்போது இருக்கிற குரலாகிவிட்டது. அவள் பொறுமையாகக் கேட்டாள். பெயர் என்று கேட்ட இடத்தில் நாகரத்னா என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.

"இப்ப என்றதுக்குள்ள உங்களால வர முடியுமா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்காது.

"முடியும். நான்தான் அட்மின். நெனச்சா உன்ற கடவுச்சொல்லயே மாத்தலாம்."

"அப்ப அதையும் மாத்துங்."

மாற்றினேன். அவளை அட்மின் ஆக்கினேன். பிறகு என் பெயரைத் திறந்து, என்னைச் சாதாரணப் பயனர் ஆக்கினேன். இனி இந்தப் பெட்டியில் எதையாவது நிறுவ வேண்டுமென்றால் அவள் வந்து கடவுச்சொல் அடிக்க வேண்டும். அவள் கணக்குக்குள் என்ன இருக்கிறது என்று என்னால் பார்க்கவே முடியாது. உறுதியா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

"கடவுச்சொல் அடிக்கோணும். அக்கட்டால திரும்பிக்குங்."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பின்னால் கீபோர்டு சத்தம். நிதானமாக அடித்தாள். நீளமாகத்தான் வைத்தாள்.

"மறுக்கா அடிக்கச் சொல்லுதுங்."

"அப்பிடித்தான் கேக்கும். அதையே அடி."

இன்னொரு முறை அதே நீளம். ஆயிற்று, திரும்புங்கள் என்றாள். திரையில் எங்கள் இருவர் பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன.

அவள் மேசைக்கடியிலிருந்து ஜெராக்ஸ் கடையில் எடுத்த தாள்கட்டு ஒன்றை எடுத்தாள். கடைசி அத்தியாயம். நான் இன்னும் படிக்காதது. அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்க வேண்டுமாம்.

"பென்சில்ல பாருங். தாள்ல மட்டும்."

வாங்கிக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். கங்கி கோர்ட் வாசலில் நிற்கிறாள், மழை பிடித்துக்கொள்கிறது. முதல் பக்கத்திலேயே ஒரு எழுத்துப் பிழை கண்ணில் பட்டது. உடனே கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல வாய் துடித்தது. உள்ளே மறுபடி முறுக்குச் சட்டியில் எண்ணெய் சீறுகிறது. நான் பென்சிலால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு புள்ளி மட்டும் வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.